பில்லி ஹாலிடேயின் குரல் – கடிதம்

அன்புள்ள சார்,

இப்போதுதான் ஜாஸ் கேட்கத் தொடங்கியிருக்கிறேன். நண்பர் ஒருவர் அமெரிக்க ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயின் 'லேடி இன் சாட்டின்' ஆல்பத்தைக் கொடுத்தார். அவர் பட்ட துயரங்களைப் படித்துவிட்டுக் கேட்டதால் அழுகை வந்துவிட்டது. ஆனால் குரல் உடைந்து கிடக்கிறது, பாட்டுகளும் பிறர் பாடிய பழையவை. இதை எப்படிப் பெரிய ஆல்பம் என்கிறார்கள்? இன்னொரு ஜாஸ் பாடகியான எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டிலிருந்து தொடங்கியிருக்க வேண்டுமோ?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அழுதது சரி. ஆனால் நீங்கள் அழுதது படித்ததற்கு, பாட்டுக்கு அல்ல. சில நாட்களாகவே எனக்குள் இந்த எரிச்சல் ஓடிக்கொண்டிருந்தது, நீங்கள் வந்து மாட்டிக்கொண்டீர்கள். பில்லி என்று வாயெடுத்தாலே சிறை, ஹெராயின் போதை, 44 வயதில் சாவு என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். பாவம் பார்த்துக் கேட்கவேண்டிய ஆளா அவர்? தொழில் தெரிந்த மகா கெட்டிக்காரி ஐயா!

பிறர் பாட்டு என்கிறீர்கள். நியூயார்க்கின் பிராட்வே இசைநாடகங்களுக்கும் சினிமாவுக்கும் எழுதப்பட்டு ஊரெல்லாம் முணுமுணுத்த மெட்டுகளைத்தான் ஜாஸில் ஸ்டாண்டர்ட்ஸ் என்கிறார்கள். மெட்டு எல்லாருக்கும் மனப்பாடம் என்பதால்தானே பாடகி எங்கே விலகுகிறாள் என்று தெரிகிறது? 1935இல் பியானோக்காரர் டெடி வில்சனின் குழுவோடு அவர் பாடிய 'வாட் எ லிட்டில் மூன்லைட் கேன் டூ' கேளுங்கள். அப்போது அவருக்கு வயது 20. வாத்தியங்கள் தலைதெறிக்க ஓடுகின்றன, இவர் அவசரமே படாமல் தாளத்துக்குச் சற்றுப் பின்னால் வருகிறார். மெட்டு ஏறி இறங்கவேண்டிய இடங்களை இரண்டு மூன்று ஸ்வரங்களுக்குள் அடக்கிவிடுகிறார். மிருதங்கம் படித்த என் அறை நண்பன் ஒருவன் இதைக் கேட்டபோது தொடையில் தாளம் போட்டுக்கொண்டே வந்தவன் சட்டென்று கையை அந்தரத்தில் நிறுத்தி, "விட்டுட்டாடா..." என்றான். அப்புறம் பட்டென்று ஒரு அடி. "இல்ல, பிடிச்சுட்டா!" அன்று முழுக்க அந்த ஒரே பாட்டு, பக்கத்து அறைக்காரர் வந்து கத்தும்வரை. அவனுக்கு பில்லி யாரென்றே தெரியாது. தெரிந்திருக்கவேண்டிய அவசியமும் இல்லை.

'லேடி இன் சாட்டின்' 1958இல் பதிவானது. குரல் தேய்ந்துவிட்டது, மறைக்க ஒன்றுமில்லை. அந்தப் பின்தங்கி வரும் கணக்கு மட்டும் இம்மிகூடப் பிசகவில்லை. 'யூ'வ் சேஞ்ச்ட்' பாட்டில் வயலின்கள் போய்ச் சேர்ந்த பிறகு சொல்லை எப்படி வைக்கிறார் பாருங்கள். பாட்டுகளுக்கு வாத்திய இசையை அமைத்து நடத்திய ரே எல்லிஸுக்கே பதிவின்போது அவர் பாடியதில் திருப்தி இல்லை. சில வாரம் கழித்து முழுசாகக் கேட்டபோதுதான் புரிந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். பின்னால் 'ஊ... ஊ' என்று ஒரு கோரஸ் வருகிறதே, அது எனக்கும் பிடிக்காது. விடுங்கள்.

ஆமாம், எல்லாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1956இல் வந்த அவருடைய தொகுப்பில், இசையமைப்பாளர் கோல் போர்ட்டரின் பாட்டுகள் மட்டும் கொண்டது, 'நைட் அண்ட் டே' இருக்கிறது. மெட்டு பளிச்சென்று தெரியும். அதை நாலு தடவை கேட்டுவிட்டு, அதே பாட்டை பில்லி 1939இல் பாடியதைப் போடுங்கள். கேட்டுவிட்டு எழுதுங்கள், வாழ்க்கை வரலாறு வேண்டாம்.