பென்சூசான் மெட்டு உங்கள் கிட்டாரில் ஒட்டாதது ஏன்?

விரல்களில் தவறில்லை, சுருதிதான் வேறு. பிரெஞ்சுக் கிட்டார் கலைஞர் பியர் பென்சூசானின் பதிவோடு சேர்ந்து சாதாரண ட்யூனிங்கில் வாசித்தால் திறந்த கம்பிகள் இடிக்கின்றன என்கிறீர்கள். 1970-களின் பிற்பகுதியிலிருந்து அவர் வாசிப்பது டாட்கேட் சுருதியில்: தடித்த கம்பியிலிருந்து டி, ஏ, டி, ஜி, ஏ, டி.

1. ஆறாவது, முதல் கம்பிகளை ஈ-யிலிருந்து டி-க்கு இறக்குங்கள்.
2. இரண்டாவதை பி-யிலிருந்து ஏ-க்கு.
3. இப்போது மூன்றாவது கம்பியை 2-ஆம் ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டுங்கள். பக்கத்தில் இரண்டாவது கம்பி திறந்தபடி அதே ஸ்வரத்தைத் தர வேண்டும். இரண்டையும் ஒன்றாக ஒலிக்க விட்டால் ஒரு அலைவு கேட்கும். அது அடங்கும்வரை இரண்டாவது கம்பியின் திருகைத் திருகுங்கள்.

இந்தப் பக்கத்துக் கம்பி ஒலிப்புதான் அயர்லாந்து மெட்டுகளுக்கு ஹார்ப் போன்ற ஒழுக்கைத் தருகிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. மொராக்கோவில் ஊத் (oud) என்ற அரபுக் கம்பி வாத்தியக்காரர்களோடு வாசிப்பதற்காக பிரிட்டிஷ் கிட்டார் கலைஞர் டேவி கிரஹாம் 1960-களின் தொடக்கத்தில் அமைத்த சுருதி, கெல்டிக் (அயர்லாந்து, ஸ்காட்லாந்து மரபு) இசைக்கு இவ்வளவு பொருந்திவிட்டது!

ஒன்று கவனியுங்கள்: 1975-இல் தொடங்கிய பென்சூசானின் ஆரம்பகாலப் பதிவுகளில் வேறு சுருதிகளும் உண்டு. அயர்லாந்து மெட்டுகளை வாசிக்கும் அமெரிக்கக் கிட்டார் கலைஞர் எல் மெக்மீனின் சுருதியோ சி, ஜி, டி, ஜி, ஏ, டி. அப்புறம், கம்பிகள் தளர்வதால் சுருதி கொஞ்சம் நகரும். இன்னொரு சுற்று சரிபார்த்துவிடுங்கள்.