கேளுங்கள், சொல்கிறோம்: எச்.பி. கூடினால் தண்ணீர் கூடுமா?

முந்திரிக் கொல்லையில் 5 எச்.பி. சப்மெர்சிபிள் ஓடுகிறது. போகப் போகத் தண்ணீர் குறைகிறது. பக்கத்துக் கொல்லையில் 7.5 எச்.பி. இறக்கிவிட்டார்கள், நன்றாக வருகிறது. நானும் மாற்றலாமா?
_வாசகர், பண்ருட்டி_

போரில், அதாவது ஆழ்துளைக் கிணற்றில், ஊற்று இருந்தால் மாற்றலாம். இல்லையென்றால் புது மோட்டாரும் சேர்ந்து போகும்.

எச்.பி. என்பது விநாடிக்கு எவ்வளவு வேலை நடக்கிறது என்ற கணக்கு. 1 எச்.பி. 746 வாட். 5 எச்.பி. என்றால் 3,730 வாட். அதில் பாதி பம்பிலேயே வீணாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடித் தேய்ந்த பம்புக்கு அது நியாயமான கணக்குதான். தண்ணீருக்குச் சேர்வது 1,865 வாட். வாட் என்பது விநாடிக்கு ஒரு ஜூல்; ஒரு லிட்டரை ஒரு மீட்டர் தூக்க 9.8 ஜூல் வேண்டும். நீர்மட்டம் 60 மீட்டரில், அதாவது 200 அடியில் இருந்தால் விநாடிக்கு 3.2 லிட்டர் வரும். அதுவே 90 மீட்டருக்கு இறங்கினால் 2.1 லிட்டர்தான். மோட்டார் மேல் பழி போட ஒன்றுமில்லை. அதே 90 மீட்டரில் 7.5 எச்.பி. வைத்தால் மறுபடி 3.2 லிட்டர். பக்கத்துக் கொல்லைக் கதையும் பெரும்பாலும் இதுதான்.

ஆனால் விநாடிக்கு 3.2 லிட்டர் உங்கள் போரில் ஊறுகிறதா? வாங்குவதற்கு முன் அதைப் பாருங்கள். இப்போதுள்ள மோட்டாரை ஓட விடுவதற்கு முன் ஒருமுறை, இரண்டு மணி நேரம் ஓடிய பிறகு ஒருமுறை நீர்மட்டத்தை அளக்க வேண்டும். போருக்குள் வெறும் கயிறு விட்டால் கேபிளில் சிக்கும்; மோட்டாரோடு அரை அங்குலக் குழாய் ஒன்றை இறக்கி வைத்திருந்தால் அதற்குள் விடலாம். கூடவே 200 லிட்டர் டிரம் நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். 63 விநாடி என்றால் 3.2 லிட்டர், 95 விநாடி என்றால் 2.1 லிட்டர். இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் மட்டம் இறங்கிக்கொண்டே போனாலோ, தண்ணீர் விட்டு விட்டு, காற்றோடு பால் மாதிரி வந்தாலோ, ஊற்றைவிட இறைப்பு அதிகம் என்று பொருள். அங்கே 5 எச்.பி.யே அதிகம். கேட் வால்வைக் கொஞ்சம் மூடி ஓட்டுங்கள். சப்மெர்சிபிளுக்குச் சுற்றியிருக்கும் தண்ணீர்தான் குளிர்ச்சி. அது இல்லாமல் ஓடினால் புஷ்ஷும் காயிலும் தாங்காது.

குழாயையும் கவனியுங்கள். விநாடிக்கு 3.2 லிட்டர் 40 மில்லிமீட்டர் உள்விட்டக் குழாயில் போனால், 100 மீட்டருக்கு ஏறக்குறைய 17 மீட்டர் உயரத்துக்குச் சமமான திறன் உரசலிலேயே போய்விடும். 50 மில்லிமீட்டர் என்றால் 6 மீட்டர்தான். புது மோட்டாரைவிடக் குழாயை மாற்றுவது பல நேரங்களில் லாபம்.

நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையம் 1,470 மெகாவாட் என்கிறார்கள். இது ஒரு மணி நேரத்துக்கா, ஒரு நாளுக்கா?
_மாணவி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி_

இரண்டுமே இல்லை. வாட் என்பதற்குள்ளேயே ‘விநாடிக்கு’ என்பது அடங்கியிருக்கிறது. 210 மெகாவாட் யூனிட்டுகள் 7, ஆக 1,470. எல்லாம் ஒரு மணி நேரம் முழு வீச்சில் ஓடினால் 14.7 லட்சம் யூனிட் மின்சாரம். வீட்டு மீட்டரில் ஓடும் யூனிட் ஆற்றல். 1 யூனிட் என்றால் 36 லட்சம் ஜூல். ‘ஒரு மணி நேரத்துக்கு இத்தனை கிலோவாட்’ என்று பரீட்சையில் எழுதினால் மதிப்பெண் போகும்.

சாயங்காலம் வோல்டேஜ் 180-க்கு இறங்குகிறது. அயர்ன் பாக்ஸ் மெதுவாகச் சூடேறுகிறது, அதற்கு ஒன்றும் ஆவதில்லை. தண்ணீர் மோட்டார் மட்டும் காயில் போகிறது. ஏன்?
_வாசகர், கடலூர் முதுநகர்_

அயர்ன் பாக்ஸ் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றும். அதன் திறன் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட்டில் 1,000 வாட் எடுப்பது, 180-இல் 610 வாட்தான் எடுக்கும்.

மோட்டார் அப்படியில்லை. தண்ணீர்ப் பாரம் குறையவில்லை, அதே திறனைக் கேட்கிறது. வோல்டேஜ் குறைந்ததால் மோட்டார் கரண்டைக் கூட்டி இழுக்கும்: 5 ஆம்பியர் எடுத்தது 6.4-க்குப் போகும். காயிலில் சூடு கரண்டின் வர்க்கத்தில் ஏறுவதால் 60 சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. இதைவிட ஆபத்து ஸ்டார்ட் ஆகும் நேரம். கிளம்பும் முறுக்கு விசையும் அயர்ன் பாக்ஸின் திறனைப் போலவே 61 சதவீதமாகச் சுருங்கும். சுழல முடியாமல் உறுமிக்கொண்டு நிற்கும் மோட்டார் வழக்கமான கரண்டைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். உறுமல் கேட்டதும் அணைத்துவிடுங்கள். வோல்டேஜ் சரியாக இருக்கும்போதும் உறுமினால் கெபாசிட்டரைச் சோதியுங்கள்.

கரண்ட் மீறினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலேயை, மோட்டார் பிளேட்டில் போட்டிருக்கும் ஆம்பியருக்கே வையுங்கள். ‘அடிக்கடி ட்ரிப் ஆகிறது’ என்று ஏற்றி வைப்பது ரீவைண்டிங் கடைக்குத்தான் லாபம். மோட்டார் ஓடும்போது அதன் டெர்மினலிலேயே வோல்டேஜ் பாருங்கள். மீட்டர் பெட்டியில் 210, மோட்டாரில் 180 என்றால் கோளாறு உங்கள் வயரிலோ இணைப்பிலோதான்.

850 வி.ஏ. இன்வெர்ட்டரில் 850 வாட் ஓட்டலாமா? புயல் நேரத்துக்கு எவ்வளவு தாங்கும்?
_வாசகர், அரியாங்குப்பம்_

ஓட்ட முடியாது. வி.ஏ.யில் எத்தனை பங்கு வாட்டாகக் கிடைக்கும் என்பதுதான் பவர் ஃபேக்டர்; அது 0.8 என்றால் 680 வாட்தான். அட்டைப்பெட்டியில் வாட் எவ்வளவு என்று பார்த்து வாங்குங்கள். எவ்வளவு நேரம் என்பதை பேட்டரி முடிவு செய்கிறது. 12 வோல்ட், 150 ஆம்பியர்-ஹவர் என்றால் காகிதத்தில் 1,800 வாட்-ஹவர். மாற்றும்போது வீணாவதும், அடிவரை வடித்தால் பேட்டரி கெடும் என்பதும் போக 1,200 கைக்கு வரும் என்று கணக்குப் போடுங்கள். 75 வாட் ஃபேன் இரண்டு, 10 வாட் எல்.இ.டி. நான்கு, ஒரு மோடம் ஓடினால் 200 வாட், 6 மணி நேரம். ஃபேன்களை 30 வாட் பி.எல்.டி.சி.யாக மாற்றினால் 11 மணி நேரம் போகும். 2011 டிசம்பர் 30 ‘தானே’ புயலுக்குப் பிறகு கடலூர், புதுச்சேரிப் பக்கம் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படி ஒன்று வந்தால் பெரிய இன்வெர்ட்டர் உதவாது; வாட்டைக் குறைப்பதும், பகலில் சார்ஜ் ஏற்ற ஒரு சோலார் பேனலும்தான் உதவும்.

பைக் விளம்பரத்தில் பி.எஸ்., பம்பில் எச்.பி. இரண்டும் ஒன்றா?
_வாசகர், நெல்லிக்குப்பம்_

கிட்டத்தட்ட. விநாடிக்கு 75 கிலோவை ஒரு மீட்டர் தூக்கினால் 1 பி.எஸ்., அதாவது 735.5 வாட். எச்.பி.யைவிட ஒன்றரை சதவீதம்கூடக் குறையாது. பிரெஞ்சுக்காரர்கள் இதையே சி.வி. என்பார்கள்.