கலப்பினக் குட்டிகளுக்கும் மரபணுச் சோதனை வேண்டுமா?

கேள்வி: நாங்கள் பட்டர்வொர்த்தில் தரைவீட்டில் வசிக்கிறோம். எங்களிடம் மூன்று வயதுள்ள இங்கிலீஷ் காக்கர் ஸ்பேனியல் பெண் நாய் இருக்கிறது. ஆயர் ஈத்தாமில் இருக்கும் என் அண்ணன் நான்கு வயது டாய் பூடல் ஆண் நாயை வளர்க்கிறார். இரண்டையும் சேர்த்து ஒரு முறை மட்டும் குட்டி எடுக்க விரும்புகிறோம். இரண்டுக்கும் தடுப்பூசி அட்டை முழுமையாக உள்ளது. மருத்துவரும் பார்த்துவிட்டு நலமாக இருப்பதாகச் சொன்னார். கலப்பினக் குட்டிகளுக்குப் பரம்பரை நோய் வராது என்று பலரும் சொல்கிறார்கள். அப்படியிருக்க, தனியாகச் சோதனைகள் செய்யத்தான் வேண்டுமா?

பதில்: செய்யத்தான் வேண்டும். அதிலும் நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் இந்த ஜோடிக்குக் கட்டாயம் செய்ய வேண்டும். நீங்கள் கேள்விப்பட்டது முழுப் பொய் இல்லை. ஆனால் அது ஒருவகை நோய்களுக்கு மட்டுமே பொருந்தும்.

பல பரம்பரை நோய்கள் வெளிப்படுவதற்கு, பழுதான மரபணுவின் ஒரு பிரதி தாயிடமிருந்தும் இன்னொரு பிரதி தந்தையிடமிருந்தும் குட்டிக்கு வந்து சேர வேண்டும். ஒரு பிரதியை மட்டும் சுமக்கும் நாய் ஆரோக்கியமாகவே வாழும். அதைத்தான் கேரியர் என்கிறோம். இங்கிலீஷ் காக்கருக்கு உரிய பரம்பரைச் சிறுநீரக நோய் ஒன்று உண்டு. அது வந்த குட்டிகள் பெரும்பாலும் இரண்டு வயதுக்குள் சிறுநீரகம் செயலிழந்து இறந்துவிடும். பூடல் இனத்தில் அந்தப் பழுது காணப்படுவதில்லை என்பதால், உங்கள் நாய் அதற்குக் கேரியராக இருந்தாலும் இந்தக் குட்டிகளுக்கு அந்த நோய் வராது. கலப்பினத்தின் நன்மை என்று சொல்லப்படுவது இதுதான், அது உண்மையான நன்மைதான்.

ஆனால் ஒரே பழுது இரண்டு இனங்களிலும் இருந்தால் கலப்பினத்தால் எந்தப் பாதுகாப்பும் கிடையாது. விழித்திரை படிப்படியாக அழிந்து பார்வை பறிபோகும் நோய் ஒன்று, பி.ஆர்.சி.டி. வகை விழித்திரைச் சிதைவு என்று அழைக்கப்படுகிறது. இது காக்கரிலும் பூடலிலும் பரவலாக உள்ள நோய். இரு இனங்களிலும் காரணமான மரபணு மாற்றம் ஒன்றேதான். முதலில் இரவில் படியிறங்கத் தயங்கும். பிறகு பகலிலும் நாற்காலிகளில் மோதத் தொடங்கும். இறுதியில் முழுக் குருடாகும். இதற்குச் சிகிச்சை இல்லை. அறிகுறிகள் பெரும்பாலும் நாய் நன்கு வளர்ந்த பிறகே தெரியவரும் என்பதால், மூன்று வயதில் உங்கள் நாய் நன்றாகப் பந்து பிடிக்கிறது என்பதை வைத்து அது இந்த நோயிலிருந்து விடுபட்டது என்று முடிவு செய்ய முடியாது. மருத்துவர் பார்த்துச் சொன்னதில் பிழையேதும் இல்லை. காய்ச்சலும் இதய ஒலியும் பரிசோதனையில் தெரியும், மரபணு தெரியாது. அசல் இனம் என்று காட்டும் வம்சச் சான்றிதழ் உங்களிடம் இருந்தாலும் அது தாய் தந்தையர் யார் என்பதைத்தான் சொல்லும்.

இந்த மரபணு மாற்றம் 2006இல் கண்டறியப்பட்டது. அதற்குப் பிறகு கணக்கு எளிதாகிவிட்டது. இரு நாய்களும் கேரியர் என்றால், பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வரும் வாய்ப்பு 25 விழுக்காடு. பெற்றோரில் ஒன்று பழுதே இல்லாததாக இருந்தால், மற்றது கேரியராக இருந்தாலும், ஏன், நோயுற்றதாகவே இருந்தாலும்கூட எந்தக் குட்டிக்கும் இந்த நோயால் பார்வை போகாது. ஆகவே கேரியர் என்று முடிவு வந்தால் மனம் உடைய வேண்டாம். பழுதில்லாத துணையைத் தேடினால் போதும். ஆனால் அந்த ஈற்றில் கேரியர் குட்டிகள் இருக்கக்கூடும். வாங்குபவர் நாளை அதையே வேறொரு பூடலுடன் சேர்த்தால் பிரச்சினை திரும்பவும் தலைதூக்கும். கலப்பின நாயை மீண்டும் பூடலுடனே சேர்ப்பது வழக்கமாகிவிட்டதால் இதை அழுத்திச் சொல்கிறேன். சோதனை முடிவின் நகலைக் குட்டியோடு சேர்த்தே கொடுங்கள்.

மூன்றாவது வகை நோய்க்குப் பழுதான மரபணுவின் ஒரு பிரதியே போதும். முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு இளம் வயதிலேயே இறுகி, பிதுங்கி, தண்டுவடத்தை அழுத்தும் நோய்க்கு வழிவகுக்கும் மாற்றம் ஒன்று காக்கரிலும் சிறிய பூடலிலும் அடிக்கடி காணப்படுகிறது. அதைச் சுமக்கும் எல்லா நாய்களும் முடங்கிவிடுவதில்லை. அபாயம் கூடுகிறது, அவ்வளவே. பெற்றோரில் ஒன்றிடம் இரு பிரதிகள் இருந்தால் எல்லாக் குட்டிகளுக்கும் குறைந்தது ஒரு பிரதி போய்ச்சேரும். இரண்டிடமும் இரு பிரதிகள் இருந்தால் இந்த ஜோடியைச் சேர்க்க வேண்டாம் என்பதே என் கருத்து.

மரபணுச் சோதனைக்கு, கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் அரை நிமிடம் தேய்த்து எடுத்தால் போதும். அதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து உணவு கொடுக்காதீர்கள். இரு நாய்களையும் தனித்தனி அறையில் வைத்து எடுங்கள், ஒன்றின் எச்சில் மற்றதன் குச்சியில் பட்டுவிடக் கூடாது. வீட்டிலேயே எடுக்கலாம் என்றாலும், மருத்துவர் மைக்ரோசிப் எண்ணைச் சரிபார்த்துப் படிவத்தில் எழுதி எடுப்பதே நம்பகமானது. நூற்றுக்கணக்கான நோய்களைச் சோதிக்கும் தொகுப்பு என்று விளம்பரம் செய்வார்கள். எண்ணிக்கையில் மயங்காமல், மேலே சொன்ன சிறுநீரக நோய், விழித்திரைச் சிதைவு, முதுகெலும்பு வட்டு நோய் ஆகிய மூன்றும் பட்டியலில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

முழங்கால் சில்லு விலகுவதற்கு இன்னும் மரபணுச் சோதனை கிடையாது, கையால் பார்ப்பதுதான் வழி. நாயை நிறுத்தியும் படுக்க வைத்தும், பின்னங்காலை நீட்டி மடக்கியபடியே கட்டைவிரலால் சில்லை உள்பக்கமும் வெளிப்பக்கமும் தள்ளிப் பார்ப்பார்கள். தள்ளும்போது நழுவித் தானாகத் திரும்பினால் முதல் நிலை. தள்ளினாலும் திரும்பாமல் நிரந்தரமாக விலகியே இருந்தால் நான்காம் நிலை. நடக்கும்போது இரண்டு அடிக்கு ஒரு காலைத் தூக்கித் துள்ளும் டாய் பூடலை நீங்கள் பார்த்திருப்பீர்கள், அது விளையாட்டல்ல. எந்த நிலையாக இருந்தாலும் அந்த நாயைக் குட்டி எடுக்கப் பயன்படுத்தக் கூடாது. கண் பரிசோதனையில் கண்ணழுத்தத்தையும் கண்புரையையும் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் காக்கருக்கு ஆண்டு முழுவதும் காதில் சீழும் நாற்றமும் மாறி மாறி வருகிறதென்றால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தொங்கும் காதும் பூடலின் சுருள்முடியும் சேர்ந்த குட்டிகள் நம் ஊர்ப் புழுக்கத்தில் அதைவிட அதிகம் அவதிப்படும். முடி உதிராது என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். ஒரே ஈற்றில் ஒன்று சுருளாகவும் மற்றொன்று அலையாகவும் வளரும்.

சேர்ப்பதற்கு முன் இரு நாய்களுக்கும் இரத்தப் பரிசோதனை செய்து உண்ணிக் காய்ச்சல், இதயப்புழு, புருசெல்லா ஆகியவை இல்லை என்று உறுதிசெய்யுங்கள். புருசெல்லா கருச்சிதைவை உண்டாக்குவதோடு, சிதைந்த கருவைக் கையால் தொடும் மனிதருக்கும் தொற்றக்கூடியது.

கர்ப்பகாலம் சுமார் 63 நாள். 55ஆம் நாளுக்குப் பின் எடுக்கும் எக்ஸ்ரேயில் குட்டிகளை எண்ணிவிடலாம். எத்தனை என்று தெரிந்தால்தான் கடைசிக் குட்டி உள்ளேயே சிக்கியிருப்பதைக் கண்டுபிடிக்க முடியும். கர்ப்பத்தின்போது கால்சியம் மாத்திரை கொடுக்காதீர்கள். பிரசவத்துக்குப் பின் தாய்க்கு வலிப்பு வரும் அபாயத்தை அதுவே கூட்டும். அரை மணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வராவிட்டாலோ, முதல் குட்டிக்கு முன்பே பச்சை நிறத்தில் நீர் கசிந்தாலோ காத்திருக்காமல் கிளம்பிவிடுங்கள். இரவில் அறுவைச் சிகிச்சை செய்யும் கிளினிக் எது என்பதையும், அதற்கான கட்டணத்தையும் முன்கூட்டியே கேட்டு அந்தப் பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். அந்தத் தொகை கையில் இல்லையென்றால் இந்த முயற்சியே வேண்டாம்.

பிறந்த குட்டிகளைச் சமையலறைத் தராசில் தினமும் ஒரே நேரத்தில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் எடை கூடாமல் நின்றாலே கவனிக்க வேண்டும். இரண்டாம் வாரத்திலிருந்து குடற்புழு மருந்து, ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசி. எட்டு வாரம் ஆகும்முன் எந்தக் குட்டியையும் கொடுக்காதீர்கள்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். விலங்கு சார்ந்த தொழிலுக்கு உரிமம் வேண்டும் என்கிறது மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம். குட்டிகளை விற்கும் எண்ணம் இருந்தால், விளம்பரம் செய்யும் முன்பே மாநிலக் கால்நடை மருத்துவ சேவைத் துறையிடம் விசாரித்துக்கொள்ளுங்கள். உங்கள் நாய்க்குச் செபராங் பிறை மாநகர் மன்றத்தின் உரிமமும், அண்ணனின் நாய்க்குப் பினாங்குத் தீவு மாநகர் மன்றத்தின் உரிமமும் இருக்க வேண்டும். 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் வெறிநாய் நோய் பரவியதை நாம் பார்த்திருக்கிறோம். வெறிநாய்த் தடுப்பூசி இரண்டு அட்டைகளிலும் இருக்கிறதா, காலாவதியாகவில்லையா என்றும் பாருங்கள்.

பெண் நாய் சுமார் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். அடுத்த பருவம் தொடங்கிய பிறகு சோதனைக்கு ஓடினால் முடிவு கைக்கு வருவதற்குள் நாள் கடந்துவிடும். ஆகவே அதற்கு இரண்டு மாதம் முன்பே உங்கள் நாய்க்கும் அண்ணனின் நாய்க்கும் ஒரே நேரத்தில் மாதிரி எடுத்து அனுப்புங்கள். விழித்திரைச் சோதனையில் இரண்டும் கேரியர் என்று வந்தால், அண்ணனிடம் அந்தக் காகிதத்தைக் காட்டி, இந்த ஜோடியைச் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டு, சோதனையில் பழுதில்லை என்று உறுதியான வேறோர் ஆண் நாயைத் தேடத் தொடங்குங்கள்.