வாசகர் கேள்வி, எங்கள் பதில்

கேள்வி: கொழும்பு சுதந்திர சதுக்கத்தின் அருகே உள்ள ஆர்கேட் கடைத்தொகுதிக்குப் பேத்தியைக் கூட்டிச் சென்றேன். "இது முன்பு யாருடைய மாளிகை, அம்மம்மா?" என்று கேட்டாள். கடையில் நின்ற பிள்ளையிடம் விசாரித்தேன். "வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடம்" என்றார், அவ்வளவுதான். பழைய கட்டடங்களைக் கடைகளாக்குவது சரியா? இடிந்து விழுவதைவிட மேல் அல்லவா?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: மாளிகை இல்லை, அம்மா. அது மனநோயாளர் காப்பகம். 1882இல் கட்டத் தொடங்கி 1889இல் முடித்தார்கள். நோயாளர்களை அங்கொடை மனநோய் வைத்தியசாலைக்கு மாற்றிய பிறகு அரச அலுவலகங்கள் வந்தன. கணக்காய்வாளர் நாயகத்தின் திணைக்களமும் அங்கே இருந்தது. 2014இல் கடைத்தொகுதியானது.

இடிவதைவிட மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கொம்பனித்தெருவில் 19ஆம் நூற்றாண்டின் டி சொய்சா கட்டடம் சில வருடங்களுக்கு முன் தரைமட்டமானதைப் பார்த்தவன் நான். கடை வைத்தால் கூரை ஒழுகாது, சுவர் நிற்கும். அதில் எனக்குச் சண்டை இல்லை.

ஆனால் ஒன்று மனதை அறுக்கிறது. அங்கே கடை எடுப்பவர் இடத்துக்கு மட்டுமா வாடகை கொடுக்கிறார்? அந்தத் தூண்களின் வயதுக்கும் சேர்த்துத்தானே! திருமணச் சோடிகள் படம் எடுக்க வருவதும் அந்த வயதைத் தேடித்தான். வயதை விற்றுக் காசு பார்க்கலாம், அந்த வயதில் உள்ளே கிடந்தவர்களைப் பற்றிப் பேச மட்டும் கூடாதா?

இதை நான் தூரத்தில் நின்று சொல்லவில்லை. என் சின்னம்மா மூன்று வருடங்கள் அங்கொடையில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவும் நானும் பஸ்ஸில் போவோம். அம்மாவின் மடியில் இடியப்பப் பொட்டலம், என் கையில் சொதிப் போத்தல். சிந்தாமல் பிடித்திருப்பதுதான் என் வேலை. எங்கே போகிறீர்கள் என்று அயலவர் கேட்டால், "கொட்டாஞ்சேனைக் கோயிலுக்கு" என்று அம்மா சொல்வார். பள்ளிக்கூடத்தில் யாராவது கோபத்தில் "அங்கொடைக்குப் போ" என்று ஏசினால் நான் தலை குனிந்துகொள்வேன். சின்னம்மா நல்ல பாட்டுக்காரி. அந்த வார்த்தைக்குள் அவர் இருக்கிறார் என்று எனக்கு மட்டும் தெரியும்.

அம்மா பொய் சொன்னது வெட்கத்தால். அந்தக் கட்டடத்தை வெறும் "வெள்ளைக்காரர் காலத்து அழகு" என்று காட்டும்போது, ஒரு நகரமே அதே பொய்யைச் சொல்கிறது. வாசலில் எல்லோர் கண்ணிலும் படும்படி மூன்று மொழிகளில் ஒரு பலகை வேண்டும். நோயாளிகள் இருந்தார்கள், எந்த வருடத்திலிருந்து இருந்தார்கள், பிறகு எங்கே போனார்கள் என்று அதில் எழுத வேண்டும். அதனால் எந்தக் கடையின் வியாபாரமும் படுத்துவிடாது.

பேத்திக்கு உண்மையைச் சொல்லுங்கள். மனம் நோவுற்றவர்களைப் பராமரித்த இடம் என்று சொன்னால் பிள்ளைக்கு விளங்கும்.

கேள்வி: கொழும்புக் கோட்டைப் பகுதியில் வேலை செய்கிறேன். பழைய ஒல்லாந்தர் வைத்தியசாலையில் நண்பர்களுடன் சாப்பிடுவது தவறா?
- வாசகர், தெமட்டகொடை

பதில்: தவறே இல்லை, தம்பி. நன்றாகச் சாப்பிடுங்கள். 2011 டிசம்பரில் அது உணவகங்களும் கடைகளுமாகத் திறக்கப்பட்டது. ஆனால் 1681இலேயே அங்கே வைத்தியசாலை இருந்தது. மாதக்கணக்கில் கடலில் கிடந்து நோயில் விழுந்த ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி ஆட்களைச் சீக்கிரம் கொண்டுவர வேண்டும் என்றுதான் துறைமுகத்துக்குக் கிட்டக் கட்டினார்கள். உள்ளே இரண்டு முற்றங்கள் உண்டு. சாப்பாடு வரும்வரை அவற்றை ஒரு சுற்றுச் சுற்றி, அந்தச் சுவர்களின் பருமனைக் கையால் அளந்து பாருங்கள். வெளியே வந்ததும் கனால் றோ தெருவில் சற்று நில்லுங்கள். ஒல்லாந்தர் காலத்தில் அங்கே வாய்க்கால் ஓடியது.