தெற்குவாசல் பிளற்றில ஃபெங் சுயி: எங்கயிருந்து தொடங்கிறது?

ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறா. கலியாணம் முடிஞ்சு ஒரு வருசம், யாழ்ப்பாணம் ரவுணுக்குள்ள மூண்டாம் மாடியில ரெண்டறை பிளற் ஒண்டை வாடகைக்கு எடுத்திருக்கினம். வாசல் தெற்குப் பாத்தது, பல்கனி வடக்க. கதவைத் திறந்தா நேர எதிர பாத்ரூம் கதவு. படுக்கிற அறையில கட்டிலுக்கு மேலால பீம் ஒண்டு போகுது, வீட்டுக்காரர் சுவரில ஆணி அடிக்கக்கூடாது எண்டிட்டார். யூடியூப்பில ஃபெங் சுயி, அதுதான் சீனாக்காரர் வீட்டுக்கு இடமும் திசையும் பாக்கிற கலை, அதைப் பாத்து ஆசை வந்திட்டுது, ஆனா அம்மா தெற்குவாசல் எண்டு ஒரே புறுபுறுப்பு, போதாக்குறைக்குப் பிறந்த வருசத்தை வைச்சு நல்ல திசை சொல்லிற 'குவா நம்பர்' பாத்தா அவருக்கு ஒரு திசை இவவுக்கு இன்னொரு திசை எண்டு வருதாம். எங்கயிருந்து தொடங்கிறது, முதல்ல என்ன வாங்கி வைக்கிறது எண்டு கேட்டிருக்கிறா.

முதல்ல ஒண்டும் வாங்காதேங்கோ தங்கச்சி. நான் 15 வருசமாய் வீடுகளுக்கு உள்வேலை டிசைன் செய்யிறன், ஃபெங் சுயியும் பாக்கிறனான், இந்தக் காலத்துக்குள்ள ஒரு மூண்டுகால் தவளையும் ஒருத்தருக்கும் காசு கொண்டந்து குடுத்ததை நான் காணேல்லை, வித்த கடைக்காரரைத் தவிர. சிரிக்கிற புத்தர் எண்டு வைக்கிறதும் கௌதம புத்தர் இல்லை, 10ஆம் நூற்றாண்டளவில சீனாவில சாக்குப்பையோட திரிஞ்ச புடாய் எண்ட துறவியின்ர உருவம் அது. 'லக்கி பாம்பூ' மூங்கிலே இல்லை, ஆபிரிக்காவில இருந்து வந்த டிரசீனா எண்ட செடி. வடிவுக்கு வைக்கிறதெண்டா வையுங்கோ, அதுக்கு மேல ஒண்டும் எதிர்பாக்காதேங்கோ.

ஃபெங் எண்டா காத்து, சுயி எண்டா தண்ணி. தொடக்க காலத்தில இது பெரும்பாலும் செத்த ஆக்களை எங்க புதைக்கிறது எண்டு இடம் பாக்கிற கலையாத்தான் இருந்தது, வீட்டுக்கு வந்து சேந்தது பிறகு. 'சி' எண்ட உயிர்ச்சக்தியைக் காத்து சிதறடிக்கும், தண்ணி மறிச்சு வைக்கும், இதுதான் அவையின்ர அடிப்படைக் கணக்கு. அதால முதுகுப்பக்கம் மலை இருக்கோணும், அதை ஆமை எண்டுவினம், இடப்பக்கம் டிராகன், வலப்பக்கம் வெள்ளைப்புலி, முன்னுக்கு வெளிச்ச வெட்டவெளி, அதுக்குப் பேர் சிவப்புப் பறவை. சீனாவில குளிர்காலத்தில வடக்கால வாற காத்து எலும்பைக் குடையும், வெயில் தெற்கால வரும், ஆகவே தெற்குப் பாத்த வீடு அவைக்குத் தங்கம். இப்ப பாருங்கோ, உங்கட அம்மா பயப்பிடுற அதே தெற்குவாசலைத்தான் சீனாக்காரன் தேடித் தேடிக் கட்டினவன்.

ஆனா அதையும் அப்பிடியே தூக்கி இஞ்ச வைக்கேலாது. எங்களுக்கு வடக்கால பனி வாறேல்லை. வைகாசியில இருந்து புரட்டாதி மட்டும் தென்மேற்கால சோழகம், ஐப்பசிக்குப் பிறகு வடகிழக்கால வாடையும் மழையும். வெயிலும் அப்பிடித்தான், சித்திரை வருசம் பிறந்த கையோட மத்தியானச் சூரியன் எங்கட தலைக்கு வடக்குப் பக்கம் போயிடும், ஆவணியிலதான் திரும்பித் தெற்க வரும், அந்த நாலு மாசமும் உங்கட வடக்குப் பல்கனிதான் கொதிக்கும். அதால திசையைப் பாடமாக்காமல் அதுக்குப் பின்னால இருக்கிற காரணத்தைப் பிடியுங்கோ. எந்தப் பக்கத்தால காத்து வருது, எங்க வெயில் சுடுது, எங்க முதுகைச் சாய்க்கலாம், இவ்வளவும்தான் விசயம்.

அம்மாவுக்குச் சொல்ல இன்னொரு கதையும் இருக்கு. மாடிக் குடியிருப்பில வீட்டின்ர 'முகம்' எது எண்டு ஃபெங் சுயிக்காரருக்குள்ளயே இண்டைக்கும் சண்டை, சிலர் பிளற்றின்ர கதவு எண்டுவினம், சிலர் கீழ இருக்கிற கட்டிடத்தின்ர வாசல் எண்டுவினம், இன்னும் சிலர் வெளிச்சமும் ஆரவாரமும் கூடின பக்கம், அதாவது பல்கனிதான் முகம் எண்டுவினம். அந்தக் கணக்கில உங்கட வீடு வடக்குப் பாத்த வீடு. பிரச்சினை முடிஞ்சுது. திசை பாக்கிறதெண்டாலும் போன் கொம்பஸை இரும்புக் கதவடியிலயும் பிரிட்ஜுக்குப் பக்கத்திலயும் வைச்சுப் பாக்காதேங்கோ, மூண்டு இடத்தில நிண்டு பாத்தா மூண்டு திசை காட்டும். கொங்கிறீற்றுக்குள்ள முழுக்கக் கம்பிதானே.

வாசலுக்கு நேர பாத்ரூம் எண்டதை மட்டும் நான் லேசில விடமாட்டன். உள்ள வாற சி நேர ஓடிப்போய்க் கழிவோட இறங்கிடும் எண்டுறது ஃபெங் சுயி. நம்பிறதும் விடுறதும் உங்கட விருப்பம், ஆனா ஒருக்கா இதைச் செய்து பாருங்கோ. பின்னேரம் நாலு மணிபோல முன்கதவைத் திறந்து வைச்சு, வாசல்படியில நிண்டு ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி நெஞ்சளவு உயரத்தில பிடியுங்கோ. பல்கனிக் கதவு பூட்டி, பாத்ரூம் கதவு திறந்து, எக்ஸோஸ்ற் ஃபானும் ஓடுதெண்டா புகை நூல் பிடிச்ச மாதிரி நேர பாத்ரூமுக்குள்ள போகும், இருக்கிற அறைப் பக்கம் திரும்பியும் பாக்காது. பிறகு பாத்ரூம் கதவைச் சாத்திப்போட்டுப் பல்கனிக் கதவை அரைவாசி திறவுங்கோ, புகை வளைஞ்சு கதிரைகளைச் சுத்தி அலைஞ்சு மெதுவாய் வெளிய போறதைக் காணுவியள். சீனாக்காரர் சி வளைஞ்சு வளைஞ்சு போகோணும் எண்டுறது இதைத்தான்.

ஆகவே பாத்ரூம் கதவு எப்பவும் சாத்தி, கொமோட் மூடி போட்டு, இடையில ஒரு துணித்திரை. ஆணி தேவையில்லை, ரெண்டு சுவருக்கும் நடுவில முறுக்கி இறுக்கிற ஸ்பிரிங் கம்பி இருக்கு, அதில கொழுவலாம். ரெண்டாவது பாத்ரூம் பாவிக்காமல் கிடக்குதெண்டா கிழமைக்கு ஒருக்கா தரை ஓட்டைக்குள்ள ஒரு வாளி தண்ணி ஊத்துங்கோ, கீழ வளைஞ்ச பைப்பில நிக்கிற தண்ணி வத்தினா கிடங்கு நாத்தம் மேல வரும், அதைக் கெட்ட சி எண்டு சொன்னாலும் பிழையில்லை.

இனிக் கட்டில். தொடங்கிற ஆள் ஒண்டே ஒண்டு செய்யிறதெண்டா இதைச் செய்யுங்கோ, ஏனெண்டா ஒரு நாளில மூண்டிலொரு பங்கு அதிலதான் கிடக்கிறம். நீங்கள் கீறி அனுப்பின அறைப் படத்தைப் பாத்தன், பத்தடிக்குப் பதினொரு அடி அறை, தலைமாடு பாத்ரூம் சுவரில, கால் ரெண்டும் நேர கதவைப் பாத்தபடி, நெஞ்சுக்கு மேலால பீம். மூண்டும் ஒண்டாய் வந்திருக்கு. காலை வாசலுக்கு நீட்டிப் படுக்கிறதைப் பிரேதம் கிடத்திற மாதிரி எண்டு சீனாக்காரருக்கு ஆகாது. கதவுக்குக் குறுக்கு மூலையில, பின்னால ஓட்டை உடைவில்லாத சுவரில தலைமாடு வரக்கூடியதாய் கட்டிலைத் திருப்புங்கோ, படுத்திருக்கேக்க கதவு கண்ணுக்குத் தெரியோணும், ஆனா கதவுக்கு நேர கிடக்கக்கூடாது. இதைத்தான் 'கட்டளை நிலை' எண்டுவினம். வேற ஒண்டுமில்லை, ஆர் வருகினம் எண்டு தெரிஞ்சா மனுசன் நிம்மதியாய் நித்திரை கொள்ளுவான், பாத்ரூம் பைப்பில தண்ணி ஓடுற சத்தமும் தலைக்குள்ள கேக்காது.

அப்பிடித் திருப்பினா பீம் கால்மாட்டுக்கு அங்கால போயிடும். அப்பிடியும் கொஞ்சம் மேல வருதெண்டா நாலு கம்பி நட்டு நுளம்புவலை கட்டுங்கோ, மேல்துணி பீமை மறைச்சிடும், நுளம்புக்கும் ஆச்சு. அலுமாரிக் கண்ணாடி கட்டிலைக் காட்டுதெண்டா ராவில ஒரு துணியைப் போட்டு மூடினாக் காணும். மேல ஃபான் இருக்கக்கூடாது எண்டும் சிலர் சொல்லினம், அவையள் சித்திரை மாசம் யாழ்ப்பாணத்தில படுத்துப் பாக்கேல்லை.

குவா நம்பர் கதை. 2000க்கு முதல் பிறந்த ஆம்பிளையெண்டா பிறந்த வருசத்தின்ர கடைசி ரெண்டு இலக்கத்தையும் கூட்டி, ஒற்றை இலக்கமாக்கி, 10இல இருந்து கழிக்கிறது. பொம்பிளையெண்டா கழிக்காமல் 5 கூட்டுறது. அவர் 1990, 9உம் 0உம் 9, கழிச்சா 1, கிழக்குக் குழு. நீங்கள் 1993, 9உம் 3உம் 12, அது 3, 5ஐக் கூட்டினா 8, மேற்குக் குழு. இந்தக் கணக்குக்கு எடுக்கிற சீனச் சூரிய வருசம் பெப்ரவரி 4 அளவிலதான் மாறும், ஜனவரியில பிறந்தாக்கள் முதல் வருசத்தைப் போடோணும். கணக்கு சரிதான், ஒரு குழுவுக்கு நல்ல திசை மற்றக் குழுவுக்கு ஆகாது, அதால ரெண்டு பேருக்கும் பொதுவாய் ஒரு நல்ல திசையும் வராது. அதுக்காகக் கட்டிலை நடுவால அரியிறதோ? கட்டளை நிலை சரியெண்டா குவாவை விடுங்கோ. வடக்க மட்டும் தலை வைக்காதேங்கோ, அதுக்குக் காரணம் ஃபெங் சுயி இல்லை, அம்மா.

வாஸ்துவையும் இதையும் ஒண்டாய்க் கலக்காதேங்கோ எண்டும் சொல்லோணும். எங்கட பஞ்சபூதத்தில ஆகாயமும் காத்தும் இருக்கு, சீனாக்காரற்ற ஐஞ்சில மரமும் உலோகமும். வடகிழக்கு எங்களுக்கு ஈசான மூலை, தண்ணி வைக்கலாம், அவைக்கு அது மண், தண்ணி பொருந்தாது. சாமிப்படத்தை அம்மா சொல்லிற இடத்தில வையுங்கோ, ஃபெங் சுயிக்கு அதில ஒரு கோவமும் இல்லை.

குசினியில அடுப்பும் சிங்கும் ஒட்டி நிண்டா நெருப்பும் தண்ணியும் சண்டை, நடுவில மரம் வந்தா ராசி, ஏனெண்டா தண்ணி மரத்தை வளக்கும் மரம் நெருப்பை வளக்கும். அதால ரெண்டுக்கும் இடையில மரக்கறி வெட்டுற பலகையை வையுங்கோ, செலவில்லை. அதைவிட முக்கியம் சிலிண்டர். 2021 கடைசியில சிலிண்டர் வெடிச்ச கதையள் ஞாபகம் இருக்குந்தானே, காஸ் காத்தைவிடப் பாரம், கசிஞ்சா கீழதான் தேங்கும், சிலிண்டர் வைக்கிற அலுமாரிக்குக் கீழ்ப்பக்கம் காத்துப்போக வழி இருக்கோ எண்டு பாருங்கோ.

மணிபிளான்ற் போத்தலில வைச்சா கிழமைக்கு ஒருக்கா தண்ணியைக் கொட்டிப் போத்தலையும் உரசிக் கழுவுங்கோ, ஒரு கிழமை பத்து நாளில முட்டை நுளம்பாயிடும், மாரியில டெங்கு வந்தா பிஎச்ஐ, அதுதான் சுகாதாரப் பரிசோதகர், வந்து நிண்டு பாக்கிறது காசு வரும் எண்டு நீங்கள் செடி வைக்கிற செல்வ மூலையை இல்லை. ஒழுகிற பைப்பையும் உடன மாத்துங்கோ. எங்கட தண்ணியில சுண்ணாம்பு, வாசர் கெதியாய்ப் போயிடும். கட்டிலுக்குக் கீழ வெளிநாட்டுச் சூட்கேஸ், ரிவி வந்த பெட்டி எல்லாம் கிடக்குந்தானே? வெளிய எடுங்கோ.

பல்கனிக்கு எதிர்வீட்டுக் கூரை முனை குத்துது, கெட்ட சியைத் திருப்பி விடும் எண்டு ஃபெங் சுயிக்காரர் சொல்லிற எட்டுமூலைக் கண்ணாடி கொழுவட்டோ எண்டும் ஒரு கேள்வி. அந்தக் கண்ணாடி வீட்டுக்கு வெளியிலதான் வைக்கிறது, உள்ள வைக்கவே கூடாது. ஆனா நீங்கள் அதை வெளிய கொழுவினா முன்வீட்டாக்கள் தங்களுக்கு ஏதோ செய்வினை எண்டுதான் நினைப்பினம். ரெண்டு சாடியில உயரமான குரோட்டன் வையுங்கோ, முனையும் மறையும், வெயிலும் குறையும்.

கட்டில் திருப்ப நாள் பாக்கோணுமோ எண்டு கடைசியாய்க் கேட்டிருந்தனீங்கள். அதை அம்மாட்டயே கேளுங்கோ, அவவுக்கும் ஒரு பங்கு இருக்கட்டும். ஊதுபத்திக்கு நாள் வேண்டாம், சோழகம் நிக்கிறதுக்கு முதல் ஒரு பின்னேரம் கொளுத்திப் பாத்திட்டுப் புகை எங்கால போச்சுதெண்டு எழுதுங்கோ.