சூப்பர் ஹீரோ ஒலியின் வேகத்தில் ஓடி வந்து குத்த முடியுமா?

ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர். கதைகளில் வரும் அதிவேக வீரர் அதை எளிதாக எட்டிவிடுகிறார். தசை வலிமையை வரமாகக் கொடுத்துவிட்டாலும், அவர் காலை வாருவது தரைதான்.

ஓடுபவரை முன்னே தள்ளுவது பாதத்துக்கும் தரைக்கும் இடையிலான உராய்வு. வாளையாறு எல்லையில் மழைச் சேற்றில் சிக்கிய லாரியை நினைத்துக்கொள்ளுங்கள்: இன்ஜினில் பலம் இருக்கிறது, சக்கரம் நின்ற இடத்திலேயே சுழல்கிறது. நல்ல தார்ச்சாலையில்கூடக் காலுக்குக் கிடைக்கும் பிடிப்பு ஏறத்தாழ உடல் எடை அளவுதான். அந்தக் கணக்கில் ஒலி வேகத்தை எட்ட 35 நொடியும் 6 கிலோமீட்டர் ஓட்டமும் வேண்டும். எதிரி அதற்குள் டீ குடித்துவிட்டுக் கிளம்பியிருப்பான்!

இதில் காற்றைச் சேர்க்கவே இல்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை எதிர்த்து சைக்கிள் மிதித்தவருக்கு அது புரியும். வேகம் இரட்டித்தால் தடை நான்கு மடங்காகும்.

எப்படியோ வந்து சேர்ந்தால், 70 கிலோ வீரரிடம் இருக்கும் இயக்க ஆற்றல், 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் 10 டன் பஸ்ஸுக்குச் சமம்.

அந்த அடி எதிரிக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். நியூட்டனின் மூன்றாம் விதிப்படி அதே விசை குத்தியவர் கையையும் தாக்கும்.