நெருப்பிடத் தட்டுக்கு நத்தார் அலங்காரம்: முதலில் சூட்டைப் பாருங்கள்

கேள்வி: ஸ்காபரோவில் இந்த ஆண்டு ஒரு பழைய வீடு வாங்கினோம். வரவேற்பறையில் எரிவாயு நெருப்பிடம் இருக்கிறது. அதற்கு மேல் ஐந்தடி நீளத்தில் மரத்தட்டு. நத்தாருக்கு அதை அலங்கரிக்க வேண்டும் என்று பிள்ளைகள் இருவரும் (6, 9 வயது) ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். கடையில் விற்கும் மாலைகளின் விலையைப் பார்த்தால் மனம் வரவில்லை. வீட்டிலேயே என்ன செய்யலாம்? தீப்பிடித்துவிடுமோ என்ற பயமும் இருக்கிறது.

பதில்: அலங்காரம் இருக்கும் நாட்களில் நெருப்பிடத்தை எரிக்கப் போகிறீர்களா, இல்லையா? இதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். எரியக்கூடிய எதுவும் வெப்பமூட்டும் சாதனத்திலிருந்து மூன்றடி தள்ளியிருக்க வேண்டும் என்பதுதான் வட அமெரிக்கத் தீத்தடுப்பு அமைப்புகள் சொல்லும் பொது விதி. தட்டிலிருந்து தொங்கும் மாலை அந்த மூன்றடிக்குள்தான் வரும். எனவே பச்சை மாலை, காலுறை எல்லாம் வேண்டுமென்றால் அவை இருக்கும் வரை நெருப்பை ஏற்றாதீர்கள். சுவரில் உள்ள சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பழைய வகைகளில் உள்ளே சிறு வழிச்சுடர் எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். ரிமோட் பிள்ளைகளின் கையிலும் அகப்படும். கையேட்டில் சொன்னபடி எரிவாயு வால்வை மூடிவிடுங்கள். அணைத்துத்தானே இருக்கிறது என்று நெருப்பறைக்குள் விளக்குச்சரமோ பைன் காய்களோ வைக்கவும் கூடாது.

இல்லை, டிசம்பர் குளிரில் நெருப்பு வேண்டும் என்றால் சூட்டை அளந்து பாருங்கள். ஓவனுக்குள் வைக்கும் வெப்பமானியைத் தட்டின் மேல் வைத்து, நெருப்பை ஒரு மணி நேரம் முழு அளவில் எரிய விடுங்கள். பிறகு தட்டின் முன் விளிம்புக்குக் கீழேயும் பிடித்துப் பாருங்கள். மேற்பக்கம் வெதுவெதுப்பாக இருக்கும்போதே விளிம்பு நன்றாகக் கொதிக்கலாம். சுவரில் ஒட்டும் கொக்கிகள் பொதுவாக 40 பாகை செல்சியஸுக்கு மேல் பிடி விட்டுவிடும், மெழுகுதிரி வளையும், பசைத் துப்பாக்கியால் ஒட்டியதும் இளகும். அப்படியான தட்டில் உலோகம், கண்ணாடி, களிமண் பொருட்களை மட்டும் சுவரோடு ஒட்டினாற்போல் வைப்பதே நல்லது. எதுவும் விளிம்பைத் தாண்டித் தொங்கக் கூடாது. உங்கள் வீடு பழையது என்பதால் இன்னொன்று: நெருப்பிடத்தின் முன் கண்ணாடி தொட்டால் சுட்டுவிடும். 2015-க்குப் பிறகு தயாரானவற்றில் தடுப்புத் திரை சேர்ந்தே வரும். அதற்கு முந்தியதென்றால் தனியாக ஒன்று வாங்கிப் பொருத்துங்கள்.

சரி, மாலைக்கு வருவோம். ஒன்ராறியோவில் பல வீடுகளுக்கு சீடர் (cedar) மர வேலி இருக்கும். அயலவரிடம் கேட்டால் நறுக்கியதை மகிழ்ச்சியோடு தருவார்கள். சீடர் தட்டையாக, மென்மையாக வளைந்து தொங்கும். ஸ்புரூஸ் (spruce) மரக்கிளை வேண்டாம், வீட்டுச் சூட்டில் ஊசியிலைகளைச் சீக்கிரம் கொட்டிவிடும். கிளைகளை ஓரிரவு குளியல் தொட்டித் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் நீரை வடியவிடுங்கள்.

ஐந்தடித் தட்டுக்கு இரு பக்கமும் இரண்டடி தொங்க வேண்டுமென்றால் ஒன்பதடிச் சணல் கயிறு, முடிச்சுகளுக்கு இன்னும் கொஞ்சம். கிளைகளை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, மும்மூன்றாகச் சேர்த்து மெல்லிய கம்பியால் கயிற்றோடு சுற்றுங்கள். முந்தைய கொத்தின் காம்பை அடுத்த கொத்தின் இலை மறைக்க வேண்டும். கதம்பம் கட்டிப் பழகிய கைக்கு இதைச் சொல்லித்தரவே தேவையில்லை. இரு முனைகளிலிருந்தும் தொடங்கி நடுவில் வந்து முடித்தால் இலைகள் வெளிப்பக்கம் பார்த்தபடி விழும். நடுவில் தெரியும் காம்புகளை ஒரு துணி முடிச்சால் மறைத்துவிடலாம்.

மரத்தட்டில் ஆணி அடிக்க வேண்டாம். தோட்டத்துச் செங்கல் இரண்டைத் துணியால் சுற்றித் தட்டின் இரு மூலையிலும் வைத்து, கயிற்றை அவற்றில் கட்டுங்கள். உங்கள் ஆறு வயதுப் பிள்ளை இழுத்தால் என்னாகும் என்று நீங்களே ஒருமுறை இழுத்துப் பாருங்கள். செங்கல் அசைந்தால் மாலையின் தொங்கலைக் குறைத்துவிடுங்கள். காலுறைகளை எடையுள்ள இரும்புக் கொக்கியில் மாட்டுவது எனக்குப் பிடிக்காது. பிள்ளை இழுத்தால் அது தலையில்தான் விழும். மாடிப்படிக் கைப்பிடியில் மாட்டினாலும் நத்தார் தாத்தா கண்டுபிடித்துவிடுவார்.

மாலையில் செருக தோடம்பழ வில்லைகளைவிட அழகானது எதுவும் இல்லை, செலவும் குறைவு. கால் அங்குலத் தடிப்பில் வெட்டி, துணியால் ஒற்றி ஈரத்தை எடுத்து, ஓவனில் 200 பாகை ஃபாரன்ஹீட்டில் மூன்று, நான்கு மணி நேரம் காயவைக்க வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை திருப்புங்கள். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் ஓரம் கருகி நடு ஈரமாகவே இருக்கும். பிறகு பூஞ்சணம் பிடிக்கும். கறுவாப்பட்டையோடு சேர்த்துக் கட்டினால் வாசனையும் வரும். பொறுக்கிய பைன் காய்களையும் இதே சூட்டில், அலுமினியத் தாள் விரித்த ஓவன் தட்டில் அரை மணி நேரம் வையுங்கள். உள்ளே இருக்கும் பூச்சிகள் செத்துவிடும், மூடிய செதில்களும் விரியும். பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள், பிசின் எரியக்கூடியது.

பிள்ளைகளுக்கு உப்பு மாவைக் கொடுத்துவிடுங்கள். இரண்டு கோப்பை கோதுமை மா, ஒரு கோப்பை உப்பு, முக்கால் கோப்பை தண்ணீர். பிசைந்து, தட்டி, நட்சத்திரங்களாக வெட்டி, ஈர்க்கால் துளை போட்டு, 250 பாகை ஃபாரன்ஹீட்டில் இரண்டு, மூன்று மணி நேரம் சுட வேண்டும். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஊசி பிடிக்கத் தெரிந்தால் பொப்கோர்னும் கிரான்பெரியும் கோக்கலாம். வெண்ணெய், உப்பு சேர்க்காத பொப்கோர்னை ஒரு நாள் வெளியே வைத்துவிட்டுக் கோத்தால் உடையாது. வீட்டில் நாய் இருந்தால் உப்பு மாவு பக்கமே போகாதீர்கள். அவ்வளவு உப்பு அதற்கு நஞ்சு.

விளக்குக்கு பற்றரியில் எரியும் எல்ஈடி சரம் போதும். பற்றரிப் பெட்டி திருகாணியால் மூடும் வகையாக இருக்கட்டும். பொத்தான் பற்றரியைப் பிள்ளைகள் விழுங்கினால் ஆபத்து. தட்டுக்கு மேல் தொலைக்காட்சி இருந்தால் உயரமானவற்றை ஓரங்களில் மட்டும் வையுங்கள். இரு பக்கமும் ஒரே மாதிரி அடுக்க வேண்டும் என்றில்லை. ஒரு மூலையில் மூன்று பொருள், மறு மூலையில் ஒன்று என்று வைத்தால் கடைக் கண்ணாடிப் பெட்டி போலத் தெரியாது.

டிசம்பர் நடுவில் மாட்டினால் போதும். சூடேற்றிய வீட்டில் பச்சை ஏறக்குறைய பத்து நாள் தாங்கும். கிளையை வளைக்கும்போது சட்டென்று முறிந்தால் அன்றைக்கே இறக்கிவிடுங்கள். இறக்கியதை நெருப்பிடத்தில் போட்டு எரிக்காமல், கம்பியைக் கழற்றிவிட்டுத் தோட்டக் கழிவோடு சேருங்கள்.